பழைய ஆம்னியில் மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? கழற்றுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பழைய மாருதி ஆம்னி வேன் வைத்திருப்பவர்களிடம் ஸ்பீடோமீட்டரைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அது எப்பவோ செத்துப்போச்சு." இன்னொன்று, "பத்து கூட்டிக் காட்டும், நாமதான் கழிச்சுக்கணும்." முதல் ஆளைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலை இல்லை, தன்னிடம் மீட்டர் இல்லை என்று தெரிந்தே ஓட்டுகிறார். இரண்டாமவரிடம்தான் பயம். எந்த வேகத்தில் பத்து, எப்போது அளந்தது, அதற்கப்புறம் டயர் மாற்றினாரா என்று கேட்டால் பதில் இருக்காது.

1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, 1988-ல் ஆம்னி ஆகி, 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. சமையல் பாத்திரம், பூக்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எதையாவது ஏற்றிக்கொண்டு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கேபிளில் ஓடும் மீட்டர் உள்ள வண்டிகளைத்தான் இங்கே சொல்கிறேன். அதே மாதிரி மீட்டர் உள்ள மற்ற பழைய வேன்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

பெரிய தவறு, முள் தப்பு என்று தெரிந்த உடனே டேஷ்போர்டைக் கழற்றுவது. கோளாறு மீட்டருக்குள்தான் இருக்கிறது என்று யார் சொன்னது?

கியர்பாக்ஸின் பின்தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது கேபிளைச் சுழற்றுகிறது. கேபிள் மீட்டருக்குள் போய் இரண்டு வேலை செய்கிறது. கிலோமீட்டர் எண்களைப் பல்சக்கரங்கள் வழியாக நேரடியாக உருட்டுகிறது. கூடவே ஒரு காந்தத்தையும் சுழற்றுகிறது. காந்தத்தை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம். முள் அந்தக் கிண்ணத்தின் தண்டில் நிற்கிறது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். 1902-ல் ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு, நூறு வருஷம் தாண்டியும் பெரிதாக மாறவில்லை.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வயதாகி ஸ்பிரிங் தளர்ந்தால் முள் கூடுதலாகக் காட்டும், காந்தம் வலுவிழந்தால் குறைவாகக் காட்டும். ஆனால் கிலோமீட்டர் எண்களுக்குக் காந்தமும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. ஆகவே தேசிய நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு கல்லை நம்ப வேண்டாம், கற்கள் இடம் மாறி நிற்பதுண்டு. பத்து கல்லுக்குக் கணக்குப் போட்டால் அந்தப் பிசகு அடிபட்டுப் போகும். எண்கள் சரியாக ஓடி முள் மட்டும் தப்பென்றால் கோளாறு மீட்டருக்குள். இரண்டும் ஒரே விகிதத்தில் தப்பென்றால் மீட்டரைத் தொடவே வேண்டாம், டயரையோ கியரையோ பாருங்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல்தான் பலர் நல்ல மீட்டரைக் கழற்றிக் கெடுக்கிறார்கள்.

முள்ளைச் சோதிக்கவும் கல்லே போதும். முள்ளை 60-ல் அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 3600-ஐ அந்த வினாடியால் வகுத்தால் வருவதுதான் உண்மை வேகம். 60 வினாடி ஆனால் முள் சரி. 66 ஆனால் நீங்கள் போனது சுமார் 54½. 54 வினாடியிலேயே கல் வந்துவிட்டால் 66-க்கு மேல் போயிருக்கிறீர்கள்.

போன் ஜி.பி.எஸ்.ஸும் நல்லதுதான். ஆனால் அழுத்தி மிதித்துக்கொண்டே போனையும் முள்ளையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள், அங்கேதான் தப்பாகிறது. ஜி.பி.எஸ். ஒன்றிரண்டு வினாடி பின்தங்கித்தான் காட்டும். வேகம் ஏறும்போது அது குறைவாகவும் இறங்கும்போது கூடுதலாகவும் தெரியும். நேரான சாலையில் ஒரே வேகத்தில் சற்று நேரம் ஓடி, அப்புறம் பாருங்கள். ஒரு வேகத்தோடும் நிறுத்திவிட வேண்டாம். 40, 60, 80 மூன்றிலும் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே 8 கூடினால் முள் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. வேகத்தோடு சேர்ந்து பிழையும் வளர்ந்தால் டயர், கியர், காந்தம், ஸ்பிரிங் இவற்றில் ஒன்று. "பத்து கழிச்சுக்கணும்" என்ற கணக்கு இந்த இரண்டாவது வகைக்கு உதவாது.

டயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. மீட்டர் தப்பென்றதும் பலர் குனிந்து முன் சக்கரத்தைப் பார்ப்பார்கள். ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருந்தாலும் இழுப்பது பின் சக்கரம். கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் பின் டயரின் அளவுதான் கணக்கு. ஆம்னிக்கு உரியது 145 ஆர் 12, விட்டம் ஏறக்குறைய 54 சென்டிமீட்டர். விலை குறைவு என்றோ கையில் இருக்கிறது என்றோ மாருதி 800-ன் 145/70 ஆர் 12-ஐ மாட்டுகிறவர்கள் உண்டு. அதன் விட்டம் 51-க்குக் கிட்டத்தட்ட. அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும், முள் 60 காட்டும்போது வண்டி 57-ல்தான் போகும். கிலோமீட்டரும் அதே விகிதத்தில் வீங்கும். "என் வண்டி லிட்டருக்கு 16 கொடுக்குது" என்று பெருமைப்படுகிறவரின் வண்டி உண்மையில் 15 கொடுக்கும். அதைவிட முக்கியம், அது கார் டயர், வேனில் ஏற்றுகிற சுமைக்குச் செய்ததில்லை.

ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அழகுக்காக 13 அங்குல அலாய் சக்கரத்தில் 155/80 டயர் ஏற்றினால் விட்டம் 58-ஐத் தொடும். முள் 60 என்னும்போது வண்டி 64, 65-ல் போகும். காந்தமும் களைத்திருந்தால் 68-கூட ஆகலாம். பிரேக் பிடிக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. 60-க்குப் பதில் 68 என்றால் கால்பங்குக்கும் மேல் கூடுதல் தூரம். ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் தகடும் விளக்கும் மட்டுமே இருக்கிற வண்டியில் அது சின்ன விஷயம் இல்லை.

இதனால்தான் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி 39, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது என்கிறது. கூடுதலாகக் காட்டலாம், பத்து சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. உண்மையில் 80 போகும்போது 92 வரை காட்டினாலும் அந்த விதிப்படி குற்றம் இல்லை. ஆகவே மூன்று நான்கு கூடுதலாகக் காட்டும் மீட்டரைத் துல்லியமாக்குகிறேன் பேர்வழி என்று நோண்டாதீர்கள். தேய்ந்த டயரில் சரியாக வைத்தால், புது டயர் போட்டதும் குறைத்துக் காட்டும். தேய்மானம் மட்டுமே இரண்டு சதவீதம் வரை வித்தியாசம் கொடுக்கும்.

முள் தப்பாக நிற்பது ஒரு ரகம், ஆடுவது வேறு ரகம். ஒரு சமையல்காரரின் வண்டியில் 50-ல் போகும்போது முள் 30-க்கும் 70-க்கும் துள்ளிக்கொண்டிருந்தது, கூடவே டிக் டிக் என்று சத்தம். "மீட்டர் போச்சுண்ணே, புதுசு வாங்கிடலாமா?" என்றார். மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு நட்டைத் திருகி, உள்கம்பியை உருவி, சிமென்ட் தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினோம். நேரான கம்பி அமைதியாக உருளும், இது ஒவ்வொரு சுற்றுக்கும் எம்பியது. நுனியில் இருக்க வேண்டிய சதுரம் பாதி வட்டமாகத் தேய்ந்து பளபளத்தது. கேபிள் மாற்றியதும் முள் அடங்கிவிட்டது.

அந்த வண்டியிலேயே இன்னொரு தவறும் தெரிந்தது. மீட்டர் கண்ணாடிக்கு உள்பக்கம் எண்ணெய்ப் படலம். சத்தம் வருகிறதென்று யாரோ மேலிருந்து என்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் புகுந்தால் முள் கன்னாபின்னாவென்று ஓடும். கேபிளுக்கு மெல்லிய கிரீஸ் போதும், அதுவும் கீழ் முக்கால் பங்குக்கு மட்டும். மேல் நுனி காய்ந்தே இருக்கட்டும். ஊற்றாமலே எண்ணெய் வந்தால் கியர்பாக்ஸ் முனையில் ஆயில் சீல் போயிருக்கும், கேபிள் வழியாக ஏறுகிறது. சீலை மாற்றாமல் புதுக் கேபிள் போட்டுப் பயனில்லை. புதுக் கேபிளைக் கூர்மையாக வளைத்துச் செருகினாலும் பழைய ஆட்டம் திரும்பி வரும்.

முள்ளைப் பிடுங்கி "பூஜ்யத்தில்" குத்துகிற வேலையும் வேண்டாம். பல மீட்டர்களில் முள் ஒரு சின்ன ஆணியில் சாய்ந்து நிற்கும். ஸ்பிரிங்கின் உண்மையான ஓய்வு அந்த ஆணிக்கும் கீழே. கண்ணுக்குத் தெரிகிற பூஜ்யத்தில் குத்தினால் அளவு முழுக்க நகர்ந்துவிடும். இது மீட்டர் ரிப்பேர் தெரிந்தவர் சோதனைக் கருவியில் வைத்துச் செய்ய வேண்டியது.

சென்னைப் புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரிபாகச் சந்தையில் மீட்டர் வாங்குவதென்றால் அதே மாடலுக்கானதை வாங்குங்கள். கேபிள் 637 சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர் என்பது பல ஜப்பானிய வண்டிகளின் கணக்கு. வேறு வண்டிகளுக்கு வேறு. ஓட்டையில் பொருந்தியது என்பதற்காகக் கணக்கும் பொருந்தாது. புது மீட்டரில் வேறு கிலோமீட்டர் இருக்கும். மாற்றிய தேதி, பழைய எண், புது எண் மூன்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, ரசீதை அதிலேயே குத்தி வையுங்கள். விற்கும்போது வாங்குகிறவரிடம் அதைக் காட்டிவிடலாம்.

மீட்டரை அப்படியே விட்டுவிட்டுப் போனை ஒட்டி ஓட்டுவது நடக்கிறது. அது தற்காலிக உதவிதான். மத்திய மோட்டார் வாகன விதி 117 வண்டியில் ஸ்பீடோமீட்டர் வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இலகு ரக வண்டிக்கு அதிவேக அபராதம் 1000 முதல் 2000 ரூபாய். "மீட்டர் 60-தான் சார் காட்டிச்சு" என்பது அங்கே எடுபடாது. பழுது பார்க்கிற வரைக்கும் நீங்கள் அளந்த 40, 60, 80-ன் உண்மை வேகத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மீட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். கூடவே பின் டயரின் அளவையும். டயர் மாறினால் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.