கும்பகோணத்தில் ஒரு நாள்: நண்பகலை முதலில் திட்டமிடுங்கள்

நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து விடுமுறை நாளொன்றில் கும்பகோணம் போவதென்றால், எந்தெந்தக் கோயில்களுக்குப் போவது என்பதற்கு முன்னால், நடை சாத்தியிருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இவ்வூர்க் கோயில்களில் பெரும்பாலானவை பன்னிரண்டு, பன்னிரண்டரை மணிக்குச் சாத்தப்பட்டு மாலை நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். முதல் முறை நாங்கள் பத்து மணிக்கு வந்து இறங்கி, ஓட்டமும் நடையுமாக மூன்று கோயில்களைப் பார்த்துவிட்டு, சுடுகல்லில் கால் மாற்றி மாற்றி நின்றதே மிச்சம்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுவதால், காவிரியில் தண்ணீர் பார்க்க விரும்புவோர் அந்த மாதங்களுக்குள் வருவது நல்லது. காலை ஏழு மணிக்கே ஊருக்குள் இருங்கள். இட்லிக்குக் கடப்பா உண்டா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் குழம்பு எல்லாக் கடைகளிலும் எல்லா நாளும் கிடைப்பதில்லை.

காலைக்கு இரண்டு கோயில்கள் போதும். பதினொரு நிலைக் கோபுரம் கொண்ட சாரங்கபாணி கோயிலில், குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேராகவே கருவறை அமைக்கப்பட்டிருக்கிறது. நாயக்கர் காலத்து இராமசாமி கோயிலிலோ தூண் ஒவ்வொன்றும் நின்று பார்க்க வேண்டியது. மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள பதினாறு மண்டபங்களையும் வழியில் பார்த்துவிடலாம்.

சாப்பாடு முடிந்ததும் சுவாமிமலைக்குச் செல்லுங்கள். அங்குள்ள பட்டறைகளில், மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைக் குழைத்துப் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றியபின் அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார்கள். அனுமதி கேட்டு, இரண்டிரண்டு பேராக உள்ளே போவது மரியாதை. பண்டிகை நாளன்று பட்டறை ஓய்ந்திருக்கக்கூடும் என்பதால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மாலையை முழுவதுமாகத் தாராசுரத்துக்கு ஒதுக்குங்கள். இரண்டாம் இராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் இது. 2004இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. கருவறைப் புறச்சுவரின் அடியில் வரிசையாக ஓடும் நாயன்மார் வரலாற்றுச் சிற்பங்கள் மிகச் சிறியவை என்பதால், நின்றபடி பார்த்தால் ஒன்றும் புரியாது. மண்டியிட்டுப் பார்த்தால் முதலை வாயிலிருந்து பிள்ளை மீளும் காட்சிகூடத் துலங்கும். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தை, ஒரு பக்க உடலைக் கையால் மறைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். இதற்கெல்லாம் இரண்டு மணி நேரமாவது வேண்டும். அவசரப்படுத்தும் நண்பர் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார், அவரிடம் செருப்புக் காவலை ஒப்படைத்துவிடுங்கள்.

கும்பகோணம் வெற்றிலை வாங்குவதாக இருந்தால் கிளம்பும் நேரத்தில் வாங்கி, வாழையிலையில் சுற்றித் தண்ணீர் தெளித்து எடுத்துச் செல்லுங்கள். காலையிலேயே வாங்கி வண்டியில் போட்டால் மாலைக்குள் வதங்கிவிடும்.