நீட், கீம் (கேரளா நுழைவுத் தேர்வு) கோச்சிங் மெட்டீரியல புள்ளைக்கு ஏத்த மாதிரி கேட்டு வாங்கறது எப்படி (பாலக்காடு மாவட்டம் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கறவங்களுக்கு)

மாற்றுத்திறனாளிப் புள்ளைகளுக்குப் பரீட்சை ஹால்ல எக்ஸ்ட்ரா டைம் உண்டு, ஸ்க்ரைப் (சொல்லச் சொல்ல எழுதறவர்) உண்டுன்னு இப்ப நிறைய பேருக்குத் தெரியுது. நீட் 3 மணி நேரம், தகுதி இருந்தா இன்னொரு 1 மணி நேரம் சேத்திக் குடுப்பாங்க. ஆனா அந்த ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் படிக்கிற பொஸ்தகமும் மாடல் டெஸ்ட்டும் புள்ளையால படிக்கவே முடியாத மாதிரி இருந்தா அந்த 1 மணி நேரத்த வெச்சு என்ன பண்றது, அதனால பிளஸ் ஒன் சேர்றப்பவே கேக்க ஆரம்பிச்சிருங்க.

மொதல்ல பேப்பர் வேலை. யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இல்லீன்னா பக்கத்துல இருக்கற அக்ஷயா சென்டர்ல போயி ஆன்லைன்ல போடுங்க, அப்புறம் ஆஸ்பத்திரில மெடிக்கல் போர்டு பாப்பாங்க. 40 சதவீதம் வந்தாத்தான் எல்லாமேன்னு நினைக்காதீங்க, அந்தக் கணக்கு சீட் ஒதுக்கீட்டுக்குத்தான் முக்கியம். எழுதறதுல சிரமம் இருந்தா 40-க்குக் கீழ இருந்தாலும் ஸ்க்ரைப் குடுக்கணும்னு 2021-ல சுப்ரீம் கோர்ட் சொல்லி 2022 ஆகஸ்ட்ல அதுக்குத் தனி விதிமுறையே வந்தாச்சு, அதுக்கு அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட எழுத்துல வாங்கணும்.

டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடுன்னா இன்னொண்ணு கவனிங்க. 14 வயசுலயும் 18 வயசுலயும் திரும்ப டெஸ்ட் பண்ணணும், 18-ல குடுக்கற சர்ட்டிபிகேட்தான் ஆயுசுக்கும் செல்லும். டெஸ்ட் பண்றவங்ககிட்ட வீட்ல தமிழ், ஸ்கூல்லயும் தமிழ் மீடியம்னு மொதல்லயே சொல்லிருங்க. மலையாளத்துல வாசிக்க வெச்சுட்டு புள்ள திக்குதுன்னு எழுதுனா அது குறைபாடா, மொழி பழகாததான்னு யாருக்கும் பிரிச்சுத் தெரியாது.

இப்ப மெட்டீரியல். கோச்சிங் சென்டர்ல வாயால கேட்டா "பாக்கலாங்க"ம்பாங்க, அத்தோட போச்சு. ஒரு பக்கம் லெட்டர் எழுதி, யுடிஐடி ஜெராக்ஸ் வெச்சு, குடுத்ததுக்கு ஒரு காப்பியில சீலும் தேதியும் வாங்கிக்கோங்க. "மாற்றுத்திறனாளிக்கு உதவி செய்யவும்"னு பொதுவா எழுதாம இப்படி எழுதுங்க: "என் மகளுக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது. எல்லாப் பாடக் குறிப்புகளும் வேர்ட் ஃபைலாக, வகுப்புக்கு முன்பே வேண்டும். மாதத் தேர்வுத் தாள் 18 பாயிண்ட் எழுத்தில் வேண்டும். தேர்வு நேரம் 3 மணி நேரத்துக்குப் பதில் 4 மணி நேரம் வேண்டும்." என்ன வேணும்னு தெளிவா இருந்தா மறுக்கறவங்களும் எதை மறுக்கறாங்கன்னு எழுதிக் குடுக்க வேண்டி வரும்.

"ஜெராக்ஸ்ல பெருசு பண்ணித் தர்றோம்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. ஏ4-ஐ ஏ3 ஆக்குனா 41 சதவீதம்தான் பெருசாகும், 9 பாயிண்ட்ல இருக்கற எழுத்து 13-கிட்ட நிக்கும், அவ்ளோதான். பேப்பர் மட்டும் பெஞ்சுல பாய் விரிச்ச மாதிரி கெடக்கும். சாஃப்ட் காப்பி இருந்தா வேணுங்கற சைஸ்ல நாமளே எடுத்துக்கலாம்.

அங்கதான் அடுத்த பதில் வரும், காப்பிரைட், ஃபைல் வெளிய போயிரும்னு. 2012-ல காப்பிரைட் சட்டத்த திருத்தி 52-வது பிரிவுலயே சேத்திட்டாங்க, மாற்றுத்திறனாளி படிக்கறதுக்காக ஒரு பொஸ்தகத்த அவங்களுக்கு ஏத்த வடிவத்துல மாத்தறது மீறல் இல்ல, ஆனா லாபத்துக்கு விக்கக் கூடாது. பார்வை இல்லாதவங்களுக்குப் பொஸ்தகம் கிடைக்கணும்னு வந்த மராகேஷ் ஒப்பந்தத்த 2014-ல மொதல்ல ஏத்துக்கிட்ட நாடே இந்தியாதான். அவங்களுக்குப் பயமா இருந்தா ஒவ்வொரு பக்கத்துலயும் புள்ள பேர வாட்டர்மார்க் போட்டுத் தரட்டும், நமக்கு என்ன நஷ்டம்? அதுக்கும் மசியலீன்னா காசு குடுத்து வாங்குன பொஸ்தகத்த நீங்களே ஸ்கேன் பண்ணிக்கலாம், தப்பில்ல.

ஃபைல் கைக்கு வந்தா ஒடனே ஒரு வரிய காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல பேஸ்ட் பண்ணிப் பாருங்க. தமிழ் ஒழுங்கா வந்தா யூனிகோட், எழுத்த வாசிச்சுக் காட்டற ஸ்க்ரீன் ரீடர் (கம்ப்யூட்டர்ல என்விடிஏ, போன்ல டாக்பேக்) படிச்சிரும். கண்டபடி இங்கிலீஷ் எழுத்தும் குறியும் வந்தா அது பழைய ஃபான்ட், பாமினி மாதிரி, பாக்க தமிழா இருக்கும் ஆனா ஸ்க்ரீன் ரீடருக்கு ஒண்ணும் புரியாது. தமிழ் பிடிஎஃப்ல இதுதான் பெரிய தொல்லை, பாட பொஸ்தகத்துலயும் இருக்கு. கூகுள் டிரைவ்ல ஏத்தி கூகுள் டாக்ஸ்ல தொறந்தா எழுத்தா மாத்திக் குடுக்கும், கொஞ்சம் கொஞ்சம் பக்கமா பிரிச்சுப் போடுங்க, மொத்தமா போட்டா பாதில நின்னுரும். ர, ா குழப்பம் இருக்கும், ஒருத்தர் ஒக்காந்து திருத்தணும். ஃபிசிக்ஸ் ஈக்குவேஷன் படமா இருந்தா ஸ்க்ரீன் ரீடர் ஒழுங்கா வாசிக்காது, அத டைப் பண்ணித்தான் கேக்கணும். பயாலஜி படத்துக்கு விளக்கம் எழுத பிஆர்சில (பிளாக் ரிசோர்ஸ் சென்டர்) இருக்கற ஸ்பெஷல் டீச்சர்கிட்ட கேட்டுப் பாருங்க.

ஃப்ரீயா கிடைக்கறதையும் விடாதீங்க. என்சிஇஆர்டி பொஸ்தகம் சைட்லயே இருக்கு, கேரளா தமிழ் மீடியம் பொஸ்தகம் சமக்ராங்கற அரசு சைட்ல இருக்கு, பார்வை இல்லாதவங்களுக்கு சுகம்ய புஸ்தகாலயாங்கற ஆன்லைன் லைப்ரரி இருக்கு.

எங்கயும் நடக்கலீன்னா மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு போடுங்க. தமிழ்லயே எழுதலாம், 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி கேரளத் தமிழர்கள் அரசுக்குத் தமிழ்ல எழுதலாம், பதிலும் தமிழ்லயே வரணும். நிறைய பேரு மலையாளத்துல எழுத ஆள் தேடி அலையறாங்க, தேவையே இல்ல.

கடைசியா தமிழ் மீடியம் புள்ளைகளுக்கு. நீட்ல தமிழ் கொஸ்டின் பேப்பர் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் சென்டர்லதான் குடுக்கறாங்க, பாலக்காடு சென்டர் போட்டா கிடைக்காது. அப்ளிகேஷன் போடறப்ப கோயம்புத்தூர் மாதிரி ஊரு உங்க அட்ரஸுக்கு லிஸ்ட்ல காட்டுதான்னு மொதல்ல பாருங்க. காட்டலீன்னா இங்கிலீஷ் பேப்பர்தான், மெட்டீரியலையும் அப்பவே இங்கிலீஷ்ல கேட்டு வாங்கணும். தமிழ்ல எழுதறதா இருந்தாலும் மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ்ல இருக்கறதுதான் செல்லும், அதனால நோட்ஸ்ல ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் பக்கத்துல இங்கிலீஷும் போட்டுத் தரச் சொல்லுங்க.