கட்டைவிரல் வலிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கட்டைவிரல் வலித்தால், வலிக்கிற இடத்தில் தைலம் தேய்த்து அழுத்தி நீவிவிடுவதுதான் நம் வீடுகளில் முதல் வைத்தியம். வலிக்கிற இடமே கோளாறு உள்ள இடம் என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் உள்ள தவறு. கட்டைவிரலை அசைக்கும் முக்கியமான தசைகளில் நான்கு முன்கையில் இருக்கின்றன. தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற தசைநாண்கள் மட்டுமே மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு வந்து சேர்கின்றன. ஒன்று நுனியை மடக்குகிறது. மற்ற மூன்றும் விரலை நீட்டவும் விலக்கவும் உதவுகின்றன. உள்ளங்கையில் கட்டைவிரலுக்கு அடியில் மேடாகத் தெரிகிற சதைக்குள் இருக்கும் சிறு தசைகள், விரலைத் திருப்பி மற்ற விரல்களுக்கு நேர் எதிரே கொண்டுவருகின்றன.

இந்த அமைப்பை நம்பித்தான் 1940களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் செயலிழந்த கைகளில் அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். நோய் கையின் சிறு தசைகளை முடக்கியிருந்தாலும் முன்கையின் பல தசைகள் நல்ல நிலையில் இருந்தன. அவற்றின் நாண்களை எடுத்து விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினார். பிறகு பயிற்சி கொடுத்து அந்தக் கைகளை மறுபடி வேலை செய்ய வைத்தார்கள். கையைப் பற்றிப் பேசும்போது நாம் பெருமையோடு சொல்ல வேண்டிய வரலாறு இது.

அடுத்த தவறு, எல்லாப் பாரத்தையும் விரல்நுனியில் போடுவது. கட்டைவிரலின் அடிமூட்டு மணிக்கட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே இரண்டு எலும்புகளும் குதிரைச் சேணம் போல வளைந்து ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் பொருந்துகின்றன. அதனால்தான் விரல் மடங்கவும் விலகவும் கொஞ்சம் சுழலவும் முடிகிறது. ஆனால் இவ்வளவு சுதந்திரம் கொடுக்கிற மூட்டு தளர்வாகத்தான் இருக்கும். எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் தசைநார்களும் தசைகளும் சேர்ந்துதான் அதை இடத்தில் நிறுத்துகின்றன. நுனியால் 1 கிலோ அழுத்தத்தில் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் விழும் விசை அதைப்போல 12 மடங்கு வரை போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊறுகாய் பாட்டில் மூடியை நுனிவிரல்களால் திருகுவதும், ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதும் வயதானவர்களுக்கு ஏன் வலிக்கிறது என்பது இதில் புரியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த மூட்டில் தேய்மானம் அதிகம் வருகிறது. அதை மணிக்கட்டு வலி என்று நினைத்துக் காலம் தள்ளுகிறார்கள். மூடியை முழு உள்ளங்கையால் திறப்பதும், கத்திக்கும் கரண்டிக்கும் தடித்த பிடி போடுவதும் சின்ன மாற்றங்கள்தான், பலனோ பெரிது.

சரி, வலுவேற்றலாம் என்று ரப்பர் பந்தை வாங்கி அழுத்தத் தொடங்குபவர்கள் உண்டு. பந்து, விரலை மடக்குகிற, உள்ளே இழுக்கிற தசைகளைத்தான் வலுவாக்கும். அவை ஏற்கெனவே வலுவானவை. தேய்ந்த மூட்டில் அந்த இழுப்பு வலியைக் கூட்டவும் செய்யும். புறங்கையை மேசையில் வைத்துக் கட்டைவிரலைக் கூரையை நோக்கி மெதுவாக உயர்த்துவது, சுட்டுவிரலைக் கட்டைவிரல் பக்கமாகப் பக்கவாட்டில் நகர்த்துவது: இவை எளிமையாகத் தெரிந்தாலும் மூட்டைத் தாங்குகிற தசைகளுக்கான பயிற்சிகள். வலிக்கும் அளவுக்குப் போகக் கூடாது.

கைக்குழந்தை உள்ள தாய்மார்களுக்கு வேறொரு தொல்லை. கட்டைவிரலை விரித்து அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்கும்போது, மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே குறுகிய உறைக்குள் ஓடும் இரண்டு தசைநாண்கள் உரசி வலிக்கின்றன. சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வைன் 1895-இல் இதை விவரித்தார். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்க்கிற சோதனையை வீட்டில் தினமும் செய்து பார்ப்பது கூடாது. நல்ல கையிலும் அது ஓரளவு வலிக்கும். புண்பட்ட நாணை இன்னும் இழுக்கும். உள்ளங்கை மேல்நோக்க, முன்கையைக் குழந்தையின் அடியில் கொடுத்துத் தூக்குங்கள். மடங்கிச் சிக்கிக்கொள்கிற கட்டைவிரலைச் 'சொடக்' என்று வலுக்கட்டாயமாக நிமிர்த்துவதும் இப்படித்தான், வீக்கத்தைக் கூட்டும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது, வலி இல்லாததால் கவனிக்காமல் விடுவதைத்தான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் நடுவில் ஒரு தாளைப் பிடியுங்கள், வேறொருவர் இழுக்கட்டும். தாளைக் காக்கக் கட்டைவிரல் நுனி தானாக மடங்கினால், முழங்கையின் உட்புறம் வழியாகக் கைக்கு வரும் அல்நார் நரம்பு பலவீனமாகி, முன்கைத் தசை அந்த வேலையை எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்புறம், மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறிக்கொண்டிருப்பவர்கள் உள்ளங்கையை மேசையில் பரப்பிக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். லேசான முறிவுக்குப் பிறகும் சில வாரங்களில், விரலை அப்படித் தூக்குகிற தசைநாண் உரசித் தேய்ந்து திடீரென அறுந்துபோவதுண்டு. அறுந்தபோது பெரிய வலியே இல்லாமலும் இருக்கலாம். விரல் எழவில்லை என்றால் கை அறுவை மருத்துவரிடம் போங்கள். சுட்டுவிரலை நீட்ட இரண்டு நாண்கள் இருப்பதால், அதில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்குப் பொருத்த முடியும்.