'தெரான், தெரான்' என்று அவசரப்படுத்தாதீர்கள்

"தையல் போடுவாங்களா மிஸி?" மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வந்த முதல் பிள்ளைக்காரிகள், கர்ப்பகாலப் பதிவுப் புத்தகமான பிங்க் புக்கை மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி மிஸியான, அதாவது தாதியான என்னிடம் கேட்ட கேள்வி இது.

முதல் பிரசவத்தில் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள இடம் கொஞ்சமாவது கிழிவது சாதாரணம்தான். தோலோடு நின்றால் முதல் நிலை, தசை வரை போனால் இரண்டாம் நிலை. இவை பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும். ஆசனவாயை இறுக்கும் தசை கிழியும் மூன்றாம் நிலையும், மலக்குடலின் உட்தோல் வரை போகும் நான்காம் நிலையும்தான் எங்களுக்குப் பயம்.

அவசரப்படுத்துவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. தலை தெரிந்ததும் "தெரான்! தெரான்!" என்று அறையே சேர்ந்து கத்தும். மலாயில் 'முக்கு' என்று அர்த்தம். அவளும் மூச்சை அடக்கி முக்குவாள். அந்த நேரத்தில் தோல் மெலிந்து, வெளுத்து, பளபளவென்று நிற்கும். இன்னொரு முழு முக்கல் முக்கினால் போதும், தலை பொத்தென்று வரும், தோலும் கூடவே போகும். "எரியுது மிஸி" என்று அவள் சொன்னால் தோல் விரிகிறது என்று அர்த்தம். அப்போது நாங்கள் சொல்ல வேண்டியது, "முக்காதம்மா, வாயைத் திறந்து ஊது" என்பதுதான். ஒரு கை தலையின் வேகத்தைத் தடுக்க வேண்டும். மறு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு பக்கத்துத் தோலையும் நடுவை நோக்கிச் சேர்த்துத் தாங்க வேண்டும். தலை அங்குலம் அங்குலமாக வரட்டும்.

எனக்கே முதல் பிரசவத்தில் மேலிருந்து வயிற்றை அழுத்தினார்கள். அந்த வலி இன்றும் நினைவிருக்கிறது. பிள்ளையைத் தள்ள வயிற்றை அழுத்தக் கூடாது, பிள்ளை வரும் வழியை அகலப்படுத்த எல்லோருக்கும் வழக்கமாக வெட்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிள்ளையின் நாடி இறங்குவது போன்ற காரணம் இருந்தால் வெட்டத்தான் வேண்டும். அப்போதும் நேர் கீழே வெட்டாமல், நடுக்கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்த்து வெட்ட வேண்டும். நேர் வெட்டு ஆசனவாய்க்கே வழிகாட்டும்.

முக்கும் நேரத்தில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அங்கே வைப்பதைச் சிலர் வெறும் ஆறுதல் என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய கிழிசல் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துணியை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், சுடக் கூடாது. மல்லாந்தே படுக்க வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவும் விடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 34, 35 வாரத்துக்கு அப்புறம், சுத்தமான பெருவிரலைப் பிறப்புறுப்பின் உள்ளே கொஞ்சம் வைத்து, கீழ்ப்புறமாகவும் பக்கவாட்டிலும் மெதுவாக அழுத்தி நீவுவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஐந்து நிமிடம் போதும். வாசனை இல்லாத எண்ணெய் சரி. உறைக்கும் தைலம் வேண்டவே வேண்டாம். ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பது, பனிக்குடம் உடைந்தது என்றால் நீவக் கூடாது. மிஸியிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பிள்ளை பிறந்ததும், தையலுக்கு முன் ஆசனவாயில் விரல் விட்டுச் சோதிக்காமல் இருப்பது எங்கள் பக்கத் தவறு. உள்ளே கிழிந்த தசை மேலிருந்து பார்த்தால் தெரியாது.

அப்புறம் பத்தியம். "தண்ணி குடிச்சா வயிறு ஊதும்" என்று பாட்டிமார் தண்ணீரையும் கீரையையும் நிறுத்திவிடுவார்கள். மலம் இறுகும், முக்குவாள், தையல் இழுக்கும். பூண்டுக் குழம்பு வையுங்கள், அதோடு தண்ணீரும் காயும் பழமும் கொடுங்கள்.

ஒரு லயத்து வீட்டில், பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். காற்றை அடக்க முடியவில்லையாம், மாமியாருக்கு எதிரே உட்காரவே கூச்சமாம். அன்றே டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்தேன். உங்களுக்கும் அப்படி இருந்தால், வீட்டுக்கு வரும் மிஸியிடம் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள்.