கரகரப்பு யாருடையது: ஹார்ட் ராக் இசைத்தட்டின் மறுபதிப்பைக் காவிரிப் படுகையில் வாங்கிக் கேட்கும் முறை

ஹார்ட் ராக் இசைத்தட்டு ஒன்றின் உயர்தர மறுபதிப்பை மதிப்பிடுவது கடினம். அந்த இசையே கரகரப்பைத் தேடிப் போய் உண்டாக்கிக்கொண்ட இசை. வீணைத் தட்டில் நாதம் கம்மினால் தஞ்சாவூர்க்காரருக்கு அரை நொடியில் தெரிந்துவிடும். ஆனால் ஆம்ப்ளிஃபையரைத் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கி வாசித்த கிட்டாரின் ஒலியில், வாசித்தவர் விரும்பிய உடைசல் எது, நம் வீட்டு ஊசி உண்டாக்கும் உடைசல் எது என்று பிரித்துச் சொல்வதற்குச் சில சோதனைகள் தேவை. இங்கிலாந்தின் டீப் பர்ப்பிள் குழுவினர் 1972இல் வெளியிட்ட 'மெஷின் ஹெட்' தட்டை எடுத்துக்காட்டாக வைத்து அவற்றை இங்கே விளக்குகிறேன்.

அந்தத் தட்டு பிறந்த விதம் தெரிந்திருந்தால் அதில் எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரியும். 1971 டிசம்பர் 4 அன்று சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில், ஃப்ராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது சூதாட்ட அரங்கம் தீப்பற்றி எரிந்தது. அங்கே பதிவு செய்ய வந்திருந்த குழுவினர், குளிர்காலத்துக்காக மூடப்பட்டிருந்த கிராண்ட் ஹோட்டலின் நடைக்கூடத்தில் கருவிகளை வைத்து, வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டியில் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச். ஆகவே இது வறண்ட, நெருக்கமான, சற்று முரட்டுத்தனமான ஒலி. ஒரு மறுபதிப்பு இதைப் பளபளப்பாக்கித் தந்தால் அதை நான் குறையாகவே எண்ணுவேன்.

வாங்குமுன் அட்டையில் உள்ள சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். ரீமாஸ்டர் என்பது முடிந்த கலவையின் நாடாவிலிருந்து தட்டுக்கேற்ற ஒலிச்சமனைப் புதிதாக அமைப்பது. ரீமிக்ஸ் என்பது கிட்டார், குரல், டிரம்ஸ் எனத் தனித்தனியாகப் பதிவான தடங்களை மீண்டும் கலப்பது, அதாவது வேறொரு சமையல். இந்த ஆல்பத்துக்கு 1997இல் குழுவின் ராஜர் குளோவர் செய்த ரீமிக்ஸும், 2024இல் ட்வீசில் ஸாப்பா செய்த ரீமிக்ஸும் உள்ளன. அன்றைய கச்சேரிக்காரரின் மகனே அவர் என்பது சுவையான ஒற்றுமை. 1972இல் ஒலித்ததைக் கேட்க விரும்புகிறவர் ரீமிக்ஸை வாங்கிவிட்டு ஏமாந்ததாகச் சொல்வதில் பொருளில்லை.

முழுக்க அனலாக் முறையில், அதாவது ஒலியை எங்கும் டிஜிட்டல் எண்களாக மாற்றாமல், செய்யப்பட்டது என்ற அறிவிப்பையும் நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி நம்பி வாங்கப்பட்ட பல தட்டுகளின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் ஒன்று இருந்ததை அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் 2022இல் ஒப்புக்கொண்டது. அந்தத் தட்டுகளை அதுவரை அனலாக் என்றே எண்ணிப் புகழ்ந்தவர்கள் பலர் என்பதால், டிஜிட்டல் கட்டத்தைவிட, அச்சுக்கான மூலத் தட்டில் தடத்தை வெட்டுபவரின் கைதான் முக்கியம் என்பது என் துணிபு. அந்தக் கையைத் தட்டிலேயே பார்க்கலாம்: கடைசிப் பாட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையே உள்ள வெற்று வளையத்தில் எண்களும், பல வேளைகளில் வெட்டியவரின் முதலெழுத்துகளும் கீறப்பட்டிருக்கும். 1969ஆம் ஆண்டின் 'லெட் ஸெப்பலின் 2' தட்டில் ராபர்ட் லட்விக்கின் முதலெழுத்துகள் உள்ள பிரதிக்குச் சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுப்பது இதனால்தான்.

180 கிராம் எடை என்பது கையில் தூக்கும்போது மகிழ்ச்சி தரும். ஒலித்தரத்துக்கு அது மட்டும் உத்தரவாதம் ஆகாது. நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் இரட்டைத் தட்டுப் பதிப்பு கிடைத்தால் அதற்கு உண்மையான பயன் உண்டு. 33⅓ சுற்றில், தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது. உள் வளையத்தை அடையும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்து, அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதப்படுகிறது. 45 சுற்றில் உள் வளையத்திலும் 28 சென்டிமீட்டர் கிடைக்கும். நடுவில் மூன்று முறை எழுந்து தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

வரவழைக்கும் மாதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பொதி சுங்கம் கடந்து கும்பகோணத்துக்கோ திருவாரூருக்கோ வந்து சேருவதற்குள் எத்தனை மதியங்கள் மூடிய வண்டியில் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வினைல் சூட்டில் இளகும் பொருள். கத்திரி வெயிலில் வந்த என் முதல் பிரதி, மேசையில் வைத்தபோது வடாம் போல ஓரம் நெளிந்திருந்தது. ஐப்பசி அடைமழையில் அட்டை நனையும். தை, மாசி மாதங்களே பாதுகாப்பானவை.

பொதியைப் பிரிக்கும்போது கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் அதுவே சான்று. மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளை முழுவதும் நீக்கிவிட வேண்டும், நாளடைவில் அது சுருங்கித் தட்டை வளைக்கும். பின்னர் தட்டைச் சுழலவிட்டு, பக்கவாட்டில் கண்ணை வைத்து ஊசி மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா என்றும், மேலிருந்து பார்த்து, ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் இடமும் வலமுமாக ஆடுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். இரண்டாவது குறை நடுத்துளை விலகியதால் வருவது. நீண்ட சுரம் சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். தம்புராவுக்குப் பழகிய காதுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சில் பிளாஸ்டிக் முழுமையாக நிரம்பாத இடத்தில், துணி கிழிவது போன்ற ஓசை கேட்கும். அது கழுவினாலும் போகாது. தட்டை மாற்றித் தரக் கேட்பதே வழி.

டர்ன்டேபிளை அமைப்பதில் நம் வீடுகளுக்கென்று சில சிக்கல்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய கருவியில், மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸைக் கொண்டு வேகத்தை நிர்ணயிக்கும் மோட்டார் இருந்தால், மின்னழுத்த மாற்றி வைத்தாலும் நம் 50 ஹெர்ட்ஸில் அது 33⅓க்குப் பதிலாக ஏறத்தாழ 28 சுற்றே ஓடும். முற்றத்து வீட்டில் ஊஞ்சல் தொங்கும் உத்தரத்துக்கு நேர் கீழே கருவியை வைக்காதீர்கள். தரை அதிர்வைத் தவிர்க்கச் சுவரில் அடித்த பலகையே மேல். தட்டு ஓடும்போது யாரும் ஊஞ்சலாடக் கூடாது என்ற விதியை எங்கள் வீட்டில் குழந்தைகள் ஏற்றுக்கொண்டார்கள், பெரியவர்கள் இன்னும் ஏற்கவில்லை. ஊசியின் அழுத்தத்தைச் சிறு டிஜிட்டல் தராசில் அளந்து, கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்தப்பட்ட சிறு பெட்டி) தயாரிப்பாளர் சொன்ன எடையை வையுங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம், ஆர்டோஃபான் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம். தட்டு தேயுமே என்று அஞ்சி எடையைக் குறைப்பவர்கள் தட்டுக்குத் தீங்கே செய்கிறார்கள். எடை போதாத ஊசி தடத்தின் சுவரில் மோதி அதைச் சிதைக்கிறது.

இப்போது கேட்கலாம். இரண்டாம் பக்கத்தை முதலில் வையுங்கள். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' அந்தப் பக்கத்தின் வெளி விளிம்பில், அதாவது ஊசிக்கு எளிதான இடத்தில் இருக்கிறது. ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாகத் தொடங்கி மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. கிட்டார் கரகரக்கட்டும், டிரம்ஸ் வாசித்த இயன் பெய்ஸின், ஜால்ராவை ஒத்த ஹைஹாட் மட்டும் கூர்மையாக, ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கருவிகள் எவ்வளவு முறுக்கேறியிருந்தாலும் உலோகத் தாளங்களையும் குரலில் வரும் ஸகரத்தையும் இந்தக் குழு உடைத்து வாசிக்கவில்லை. அவை எண்ணெயில் பொரிவது போல ஒலித்தால் குற்றம் நம்முடையது.

அடுத்த 'லேஸி'யின் தொடக்கத்தில் ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன் வேண்டுமென்றே உடைந்த ஒலியோடு வரும். அவர் அதை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக வாசித்தவர். அந்த உடைசல் சுரத்தோடு ஒட்டி, தடித்து ஒலிக்கும். சுரத்திலிருந்து பிரிந்து மேலே தூளாகத் தெறித்தால், அல்லது ஒரு ஸ்பீக்கரில் மட்டும் கூடுதலாகக் கேட்டால், கார்ட்ரிட்ஜ் சாய்ந்திருக்கிறதா, டோன்ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி ஸ்கேட்டிங் சரியா என்று பாருங்கள்.

கடைசியாக வரும் 'ஸ்பேஸ் டிரக்கின்' உள் வளையத்தில் இருப்பதால் அதுவே கடுமையான தேர்வு. அதில் இயன் கில்லனின் உச்சக் குரலை, முதல் பக்கத்தின் வெளி விளிம்பில் உள்ள 'ஹைவே ஸ்டார்' குரலோடு ஒப்பிடுங்கள். முன்னது சிதறி, பின்னது தெளிவாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் நிலையை, ஊசி நிற்க வேண்டிய இடம் குறித்த அளவுத்தாள் கொண்டு திருத்த வேண்டும். இரண்டுமே சிதறினால் ஊசியில் அழுக்கு, தேய்மானம், எடைக் குறைவு என்ற வரிசையில் ஐயப்படுங்கள். நீள்வட்ட முனை ஊசிக்கு ஏறத்தாழ 300 மணி நேரமே ஆயுள் என்பதை மறந்தவர்கள் பலர். எல்லாம் செய்த பிறகும் ஒரே இடத்தில் உடைந்தால், அதே கலவையைக் குறுந்தகட்டிலோ இணையத்திலோ, ஒலி அளவைச் சமமாக வைத்துக் கேளுங்கள். அங்கேயும் உடைந்தால் அது மான்ட்ரோ நடைக்கூடத்திலிருந்து வந்த உடைசல். அங்கே இல்லையென்றால் தட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

கடுகு தாளிப்பது போன்ற படபடப்பு பெரும்பாலும் தூசிதான். சம்பா அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசி சன்னல் வழியே வரும் ஊர்களில் புதுத் தட்டையும் துடைத்துத்தான் வைக்க வேண்டும். கடலோர ஊர்களின் உப்பேறிய நீர் காய்ந்தால் தடத்தில் படிவு நிற்கும் என்பதால் டிஸ்டில்டு வாட்டரையே பயன்படுத்துங்கள். பத்தில் ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். பழைய வேட்டித் துணி நூல் உதிர்க்கும், மைக்ரோஃபைபர் துணி வேண்டும். அதே அலமாரியில் தாத்தா விட்டுச்சென்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் இந்தக் கலவை அவற்றின் மேல் ஒரு துளியும் படக் கூடாது. அவை அரக்குத் தட்டுகள், ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

தட்டுகளை நேராக நிறுத்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ஓட்டுக்கடியில் உள்ள பரண் கூடவே கூடாது. காகித உள்ளுறை ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும், எனவே பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள். கார்த்திகை வரை சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வைத்து, மழை விட்ட நாளில் அலமாரியைத் திறந்து, அட்டைகளின் முதுகில் இராமபாணப் பூச்சி ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.