'மில்க்டோஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பொருளறிந்து கையாள்வது எப்படி?

அமெரிக்க நாளிதழ்களின் அரசியல் கட்டுரைகளில், எதிராளி முன் வாய் திறக்காத தலைவரை இடித்துரைக்க 'மில்க்டோஸ்ட்' என்ற சொல்லை அவ்வப்போது காணலாம். அகராதியில் 'பயந்த சுபாவம் உடையவர்' என்ற அளவில் பொருள் கிடைக்கும். அதை மட்டும் நம்பிக் கையாண்டால் சொல் இடம் மாறி விழும். ஆகவே அது பிறந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

முதலில் எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள். 'மில்க்' என்பதன் இறுதியில் வர வேண்டிய கே என்ற எழுத்துக்குப் பதிலாக இங்கே க்யூ, யூ, ஈ என்ற மூன்று எழுத்துகள் நிற்கின்றன. அதைக் கண்டு இதைப் பிரெஞ்சுச் சொல் என்று எண்ணிவிட வேண்டாம். ஹெச். டி. வெப்ஸ்டர் என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர், 1924இல் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் தொடங்கிய 'தி டிமிட் சோல்' (பயந்த மனிதர்) என்ற கேலிச்சித்திரத் தொடரின் நாயகனுக்குக் காஸ்பர் மில்க்டோஸ்ட் என்று பெயரிட்டபோது, உணவுப் பெயர் ஒன்றைத் திரித்து விளையாடிய விளையாட்டு அது. (அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் வேறு, அவர் 1843இலேயே மறைந்துவிட்டார்.) வறுத்த ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சூடான பாலில் ஊறவைத்து, உடல்நலம் குன்றியவர்களுக்குக் கொடுக்கும் பத்திய உணவுதான் மில்க் டோஸ்ட், காரமும் இல்லை, கடித்து மெல்லும் வேலையும் இல்லை. பாலில் ஊறிய ரொட்டியைச் சுட்டும் 'மில்க்சாப்' என்ற சொல்லை, ஆண்மையற்றவன் என்ற வசையாக ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டிலேயே ஆண்டிருக்கிறார் என்பதால், வெப்ஸ்டரின் கேலிக்கு மொழியில் ஏற்கெனவே வேர் இருந்தது.

அடுத்து, காஸ்பரின் குணத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கொட்டும் மழையில் தெருமுனையில் நின்றுகொண்டு, இன்னும் ஒரு மணி நேரம் மட்டும் பார்ப்பேன், அதற்குள் வராவிட்டால் அவர் அந்த நூறு டாலரை வேறு யாரிடமாவது கடன் வாங்கிக்கொள்ளட்டும் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்கிறவர் அவர். கடன் கொடுப்பவரே காத்து நிற்கிறார்! மென்மையாகப் பேசு, கையில் பெரிய தடி வைத்துக்கொள் என்ற அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் வாசகத்தைப் புரட்டிப்போட்டு, மென்மையாகப் பேசிப் பெரிய தடியால் அடிவாங்குகிற மனிதர் என்று வெப்ஸ்டரே இவரை வர்ணித்தார்.

இந்தச் சித்திரத்தை உரைகல்லாகக் கொண்டால் ஒத்த சொற்களைப் பிரித்தறிவது எளிது. ஆபத்தைக் கண்டு ஓடுபவர் 'கவர்ட்'. வாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் அது. பிறரோடு பழகக் கூசுபவர் 'ஷை'. ஓடாமலும் கூசாமலும், எதிர்ப்புக் காட்ட மனமின்றி எல்லாவற்றுக்கும் இணங்கிப்போகிறவரே மில்க்டோஸ்ட்.

1930களிலேயே இது பொதுப்பெயராகிவிட்டதால், பாத்திரத்தைக் குறிக்கும்போது மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குங்கள். பெயரடையாகவும் வரும், உறைக்காத கண்டன அறிக்கையைக்கூட மில்க்டோஸ்ட் அறிக்கை எனலாம். சொல்லில் ஏளனம் தொனிப்பதால், பணிவானவரைப் பாராட்ட இதை எடுக்கக் கூடாது. தமிழாக்கும்போது 'கோழை' மிகையாகிவிடும்; 'வாயில்லாப் பூச்சி' நெருங்கி வந்தாலும் அதில் இரக்கம் கலந்திருப்பதால், ஏளனம் முக்கியமான இடத்தில் 'எதற்கும் தலையாட்டுகிற தொடைநடுங்கி' என்று விரித்து எழுதுவதே என் தேர்வு.