பல்கலைக்கழகத்தில் அனிமே மன்றம்: தொடங்குவதும் வளர்ப்பதும்

பல்கலைக்கழக மன்றம் எதுவானாலும் மூன்று, நான்கு ஆண்டுகளில் அதன் ஆட்கள் முழுவதும் மாறிவிடுவார்கள். தொடங்கியவரின் ஆர்வம் அவரோடு படிப்பை முடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே முதல் நாளிலிருந்தே, நீங்கள் அங்கே இல்லாத ஆண்டை நினைத்துத் திட்டமிடுங்கள்.

படி 1: நாளும் நேரமும்

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே அறை. மூன்று பேர் வந்தாலும் திரையிடலை நடத்துங்கள். தொலைக்காட்சி அனிமேயின் (ஜப்பானிய அனிமேஷன் தொடரின்) ஓர் எபிசோடு ஏறத்தாழ 24 நிமிடம். ஒரு மாலைக்கு மூன்று எபிசோடு, பிறகு பேச்சு என்று வைத்தால், 12 எபிசோடு கொண்ட தொடர் நான்கே வாரத்தில் முடியும். நூற்றுக்கணக்கான எபிசோடுகளாக நீளும் தொடரை முதல் ஆண்டில் தொடாதீர்கள். நடுவில் வந்து சேர்பவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது.

படி 2: எதைத் திரையிடுவது

இங்கேதான் நாங்கள் தவறினோம். எங்களுக்கு உயிரான ஒரு ரோபோ போர்த் தொடரை முதலில் போட்டோம். மூன்றாம் வாரம் பாதி நாற்காலிகள் காலி. அதன்பிறகு வாசலில் ஓர் அட்டைப்பெட்டியும் துண்டுக் காகிதங்களும் வைத்தோம். விளையாட்டு, துப்பறிதல், பள்ளி வாழ்க்கை என்று வகைகளை மட்டும் எழுதி, வந்தவர்களையே வாக்களிக்கச் சொன்னோம். வாழ்க்கையில் முதன்முறையாக அனிமே பார்க்க வருபவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்குப் பிடித்தது இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்கட்டும்.

படி 3: அனுமதி

ஓடிடி சந்தா பொதுவாக வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். அரங்கில் பலருக்குத் திரையிட அது செல்லாது. உரிமை வைத்திருப்பவருக்கு எழுதி, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கடைசி வரிசை

ஆட்கள் வருவதற்கு முன் கடைசி வரிசையில் உட்கார்ந்து சப்டைட்டிலைப் படித்துப் பாருங்கள். பனி பொழியும் காட்சியில் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். கறுப்பு விளிம்பு கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்குங்கள். படிக்க முடியாதவர் புகார் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் வராமல் இருந்துவிடுவார்.

படி 5: வரையவும் வையுங்கள்

பார்ப்பதோடு நின்றுவிடும் மன்றம் ஓரளவுக்கு மேல் வளராது என்பது என் உறுதியான எண்ணம். 1981-இல் ஒசாகாவில் நடந்த ஜப்பான் அறிவியல் புனைகதை மாநாட்டுக்கான தொடக்கக் குறும்படத்தை வரைந்தவர்களில் ஹிதேயாகி அன்னோ, ஹிரோயுகி யமாகா, தகாமி அகாய் மூவரும் ஒசாகா கலைப் பல்கலைக்கழக மாணவர்கள். அந்த நண்பர் வட்டத்திலிருந்துதான் 1984-இல் கைனாக்ஸ் என்ற அனிமே தயாரிப்பு நிறுவனம் பிறந்தது.

நீங்கள் ஒரே ஒரு நொடியில் தொடங்குங்கள். ஒரு நொடிக்கு 24 பிரேம், அதாவது அடுத்தடுத்து ஓடும் 24 அசையாப் படங்கள். ஒரு படத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்திவைத்தால் எட்டுப் படம் போதும். தொலைக்காட்சி அனிமேயில் பெரிதும் கையாளப்படும் முறை இது. எட்டுப் பேர், ஆளுக்கொரு தாள்: ஒரு பூனை தலையைத் திருப்ப வேண்டும். தாள்களைச் சன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முந்தைய கோட்டைப் பார்த்து அடுத்ததை வரையுங்கள். கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் படமெடுத்து ஓட்டும்போது, அந்தப் பூனை திரும்பும் கணத்தில் அறையில் எழும் கூச்சலை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று வரைந்த எட்டுப் பேரும் அதன்பின் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

படி 6: ஒப்படைப்பு

தடித்த நோட்டு ஒன்று வாங்குங்கள். என்ன திரையிட்டோம், எத்தனை பேர் வந்தார்கள், அரங்கின் சாவி யாரிடம், ப்ரொஜெக்டருக்கு எந்தக் கேபிள், எவ்வளவு செலவு என்று வாரந்தோறும் எழுதுங்கள். மன்றத்தின் மின்னஞ்சலை எவருடைய சொந்தக் கணக்கோடும் இணைக்காதீர்கள். கடவுச்சொல்லோடு மன்றமும் போய்விடும்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள். இறுதியாண்டில் எந்தப் பதவியும் வைத்துக்கொள்ளாதீர்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பாக நோட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு திரையிடலுக்கு வேண்டுமென்றே போகாமல் இருங்கள். மறுநாள் நோட்டைத் திறந்து, அந்த வாரத்தின் கணக்கு வேறொருவர் கையெழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.